5.0-இல் ஓட்டிய வாரம்

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் ஆரம்பம். கம்ப்யூட்டர் சூட்டை இறக்கப் புது ஹீட்சிங்க், கனத்த அலுமினியக் கட்டி, மாட்டியாயிற்று. கட்டட இஞ்சினியருக்கு வெள்ளிக்குள் அவர் கட்டும் வீட்டின் 3டி வீடியோ போக வேண்டும். ப்ராசஸர் வேகத்தை 4.2 கிகாஹெர்ட்ஸிலேயே விட்டால் வெள்ளி தாண்டும். 5.0 வைத்தேன். ஆறு மணி நேரம் முழுப் பாரம் ஏற்றி ஸ்ட்ரெஸ் டெஸ்ட். சூடு 82 டிகிரி தாண்டவில்லை. அசையவில்லை பயல்.

கூட வேலை பார்க்கும் செந்தில், என் மனைவி கவிதாவின் தம்பி, பக்கத்தில் நின்று இழுத்தான். "தறி ஓடறப்ப ஒருக்கா ஓட்டிப் பாத்துருங்க மாமா. 4.6 போதுமுங்க." பெரிய மேதாவி. வாயை மூடு என்றேன்.

வாங்க: இருமல் மருந்து (பாப்பாவுக்கு), கொசுவத்தி, தெர்மல் பேஸ்ட்.

மே 5, திங்கள்

கீழே ஷெட்டில் காலை ஆறுக்கே தறிச் சத்தம். குமாரபாளையத்தில் வேறென்ன கேட்கும். 11 மணிக்கு நீலத்திரை, கம்ப்யூட்டர் விழுந்தது. மறுபடி போட்டேன். 12.20 நீலத்திரை. 1.05. கீபோர்டைச் சுவரில் அடித்தேன். எட்டுப் பொத்தான் பறந்தது.

மே 6, செவ்வாய்

ப்ராசஸருக்கு வோல்ட் ஏற்றினேன். சூடு 98. செத்தது. ஞாயிறு தாங்கியது இன்று ஏன் தாங்கவில்லை? வேகமும் வோல்டும் வைக்கிற பயாஸில் எவனோ கை வைத்திருக்கிறான். போன மாதம் செந்தில் அதை நோண்டியது நினைவு வந்தது. கேட்டேன். "நாந் தொடலீங்க" என்றான்.

சட்டையைப் பிடித்தேன். பழைய ஹீட்சிங்க் மேஜையில் கிடந்தது. எடுத்து அடித்தேன். நெற்றியில். இன்னொரு தடவையும். இரண்டாவது அடிக்கு அவன் கையைக்கூடத் தூக்கவில்லை.

ஏழு தையல். படியில் விழுந்ததாக டாக்டரிடம் அவனே சொன்னான்.

மே 7, புதன்

செந்தில் பரமத்தி வேலூர் போய்விட்டான், அப்பா வீட்டுக்கு. கவிதா தட்டை வீசினாள். குழம்பு நெஞ்சில் சுட்டது. "என்ற தம்பிய அடிச்ச கைல இந்த ஊட்டுச் சோத்தைத் தொடாதீங்க." அவளையும் அறையத் தோன்றியது. தோன்றியது, எழுதிவைக்கிறேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவளும் வேலூர் பஸ் ஏறிவிட்டாள்.

மதியம் 2. ஷிப்ட் மாறும் நேரம், தறி எல்லாம் நின்றது. அதுவரை வெறுங்காற்று ஊதிய அறை ஏசி டக்கென்று குளிர ஆரம்பித்தது. 97 இருந்த சூடு 83-க்கு இறங்கியது. கால் மணி நேரத்தில் மறுபடி தறி. வோல்டேஜ் படுத்தது, ஏசி குளிர்ச்சி போனது, நீலத்திரை.

ஞாயிறு தறி லீவு. லீவு நாளில் டெஸ்ட் வைத்திருக்கிறேன், மடையன். பயாஸை யாரும் தொடவில்லை. தறி ஓடும்போது ஓட்டிப் பார் என்று செந்தில் அன்றே சொன்னான்.

சுவரில் குத்தினேன். விரல் வீக்கம்.

மே 10, சனி

4.6. தறி ஓட ஓட மூன்று நாள். சூடு 86. ஒரு தடவையும் விழவில்லை. வீடியோ போனது, ஒரு நாள் தாமதம். இஞ்சினியர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மே 11, ஞாயிறு

வேலூர். அனல். வாசலிலேயே மாமனார் என் கன்னத்தில் ஒன்று விட்டார். காது அடைத்தது. "போங்க, உள்ளதான் இருக்கான்" என்றார். கவிதா திண்ணென்று நின்று பார்த்தாள்.

செந்தில் கட்டிலில், நெற்றியில் கட்டோடு. தப்பு என்மேல்தான் என்றேன். தலையாட்டினான். "எத்தனைல ஓடுதுங்க மாமா?"

"4.6."

சிரித்தான். எனக்கு உயிர் வந்தது. அறை வெந்தது. ஃபேன் சுவிட்ச் அவன் தலைக்கு மேலே. போடலாம் என்று கையைத் தூக்கினேன்.

இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான்.