ரோஜா போட்ட பிடி அரிசி

சாத்தூர்,
சனிக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த இன்பம் அக்காவுக்கு, தம்பி கிறிஸ்துராஜ் எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? இனி நான் சொல்லும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்கிறேன். பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து டிரம்மில் போடுவார்கள். மழையில் பட்டாசுக் கம்பெனி மூடி, வேலையில்லாமல் இருக்கும் வீடுகளுக்கு அது போகும். விடுதிச் சமையல்காரனான நான்தான் டிரம்முக்குக் காவல். நேற்று சேர்ந்த அரிசியில் பள்ளிக்கூடமே மூழ்கிவிட்டது; பக்கத்துக் கோயில் மணி மட்டும் வெளியே தெரிந்தது. திருநெல்வேலி ரயிலை நிறுத்தி, டிரைவரும் இறங்கிவந்து ஒரு பிடி போட்டுவிட்டுப் போனார்.

அப்போது ஏழாம் வகுப்பு ரோஜா வந்தாள். அரிசி வாங்கும் வீடுகளில் அவள் வீடும் ஒன்று. நான் டிரம்மின் வாயைக் கையால் மூடிக்கொண்டு, வரிசைக்கே கேட்கும்படி கேட்டுத் தொலைத்தேன்.

“உங்க வீட்டுக்குத்தானே தாயி இது வருது? நீ எதுக்குப் போடுற?”

அவள் பிடியை விரிக்கவுமில்லை, நகரவுமில்லை. வரிசை பல மைல் தள்ளியிருக்கும் அச்சங்குளம் வரை நீண்டுவிட்டது.

“வர்ற அரிசில நாங்க போட்டதும் இருக்கணும்னு அம்மா சொன்னாக. கைய எடுங்க மாமா.”

எடுத்துவிட்டேன். இந்த ஊரில் என்னை மாமா என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். கூடவே பிள்ளைகளின் போட்டோ ஒன்றும் வையுங்கள். அடுப்படிச் சுவர் வெறுமையாகக் கிடக்கிறது. உலை பொங்குகிறது, ஓடுகிறேன்.

மூழ்கிய பள்ளியும் நின்ற ரயிலும் என் கைச்சரக்கு. ரோஜா போட்ட அந்தச் சின்னப் பிடி மட்டும் நிஜம்.