உறைக்குள் போன குரல்

12 மார்ச் 2008

இன்றும் வேலை முடிந்து வந்ததும் அவருடைய சைனா செல்லைச் சார்ஜில் போட்டேன். யாரும் அதில் கூப்பிடப் போவதில்லை. ஆனாலும் போடுகிறேன்.

மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி கம்பெனியிலிருந்து கிளம்பும்போது ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் உலை வைப்பேன். இரண்டு வந்தால் ஓவர்டைம், நீ சாப்பிடு என்று அர்த்தம். தப்பித்தவறி எடுத்துவிட்டால் ரோமிங் காசு போச்சு என்று வீட்டுக்கு வந்து சண்டை பிடிப்பார். சரியான கஞ்சன். மணி அடித்து நின்றதும் எனக்கு ஒரு சிரிப்பு வருமே, எவ்வளவு நல்ல நாட்கள் அவை. தீபாவளி முடிந்த கையோடு மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது.

15 மார்ச்

வக்கீல் மோகனப்ரியா வந்திருந்தார். ராமப்பன் அண்ணன் விஷயம். அண்ணன் பேரிகை ஊர்க்காரர், கம்பெனியில் என் வீட்டுக்காரரோடு ஒரே லைனில் வேலை பார்த்தவர். போன வருடம் ஏதோ திருட்டுச் சந்தேகம் என்று ஒரு எஸ்.ஐ. பஸ் நிறுத்தத்திலேயே அடித்து அண்ணன் கையை உடைத்தார். பார்த்த ஒரே சாட்சி என் வீட்டுக்காரர். சாட்சி சொல்லாதே என்று அந்த எஸ்.ஐ. போனில் மிரட்டியதை அவர் செல்லில் பதிந்து வைத்திருக்கிறார். போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க, போலீஸ் அல்லாதவர்களை வைத்து ஒரு குழு இருக்கிறது. அவர்கள் அதைக் கேட்கிறார்களாம்.

"அப்படிப் பதிஞ்சது தப்பில்லையா மேடம்?"

"மூணாவது ஆளு ஒட்டுக் கேட்டாத்தான் தப்பு. பேசுனவரே பதிஞ்சிருக்காரு. ஆனா அந்த மெமரி கார்டையே குடுக்கணும். காப்பி எடுக்காதீங்க, யாருக்கும் போட்டுக் காட்டாதீங்க. வெளிய போச்சுன்னா வெட்டி ஒட்டுனதும்பாங்க. அண்ணன் கேஸ் நிக்காது."

உறையில் போட்டு அரக்கு வைத்துவிடுவார்களாம். சரி என்றேன்.

என்ன சரி? அவர் குரல் மிச்சம் இருப்பதே அந்த ஒரு கார்டில்தான். எங்களுக்குள்ள எல்லாம் மிஸ்டு காலாவே போச்சு. பொண்டாட்டிகிட்ட பேசுனது ஒரு வார்த்தை இல்ல. போலீஸ்காரன்கிட்ட பேசுனதுதான் இருக்கு - அதையும் குடுன்னா? குடுக்க மாட்டேன்.

16 மார்ச்

கொடுக்காமல் இருந்தால் என் வீட்டுக்காரர் என்னை விடுவாரா?

19 மார்ச்

பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் செல் கடைக்குப் போனேன். "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு வேற கார்டுல போட்டுத் தரேன்க்கா. பாட்டா, படமா?" என்றார் கடைக்காரர். அந்தக் கம்ப்யூட்டரில் யார் யாருடைய கல்யாண வீடியோவோ ஓடிக்கொண்டிருந்தது. இதுவும் அங்கேயே கிடக்கும். நாளைக்கு எந்த டீக்கடையில் யார் கேட்டுக்கொண்டிருப்பார்களோ.

கார்டைக் கொடுக்காமல் திரும்பிவிட்டேன். ஷேர் ஆட்டோவில் அழுகையை அடக்க முடியவில்லை.

27 மார்ச்

கிருஷ்ணகிரியில் விசாரணை. கார்டைக் கொடுத்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக் கூடாதாம். ராமப்பன் அண்ணன் வெளியே பெஞ்சில் இருந்தார்.

போட்டார்கள். "பொழைக்க வந்த ஊர்ல உனக்கெதுக்குய்யா இந்த வம்பு?" அது எஸ்.ஐ. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பிறகு அவர், அதே விருதுநகர்ப் பேச்சு: "பாத்தத பாக்கலன்னு எப்படி சார் சொல்ல?" கரப்பான் பூச்சிக்குக் கட்டில்மேல் ஏறும் மனுஷன். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு அம்மா. "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார்.

"இன்னொரு தடவ போடுவீங்களா மேடம்?"

எனக்கு ஏதோ சந்தேகம் என்று நினைத்துப் போட்டார்கள். முடிந்ததும் உறையை ஒட்டினார்கள். உள்ளே கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

4 ஜூன்

எஸ்.ஐ. மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அவர் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறாராம். அது முடியும் வரை கார்டு அங்கேதான் இருக்கும். எத்தனை வருடமோ.

சாயங்காலம் ராமப்பன் அண்ணன் வந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது, குடிக்கவில்லை.

"ஏம்மா, அந்தத் தம்பி அதுல என்னா சொல்லிச்சி? எனக்காவ எதுனா பேசிச்சா?"

சொல்லக் கூடாது. அதற்குத்தான் கையெழுத்து. அண்ணன் டம்ளரை எடுத்தார். உடைந்த கை இன்னும் முழுதாக நீள்வதில்லை.

"குரல் நடுங்குச்சுண்ணா," என்றேன். "ஆனா சொல்லிட்டாரு."