ஜெயவேலு அண்ணனுக்கு நான் போட்ட ஓட்டு

என் பவானிக்கு,

நீ கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இன்னும் பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குப் போகிறேன். வேலி ஓரமாக நின்று பெண்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு வருகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. "அக்கா, அந்தப் பொண்ணு எடது கைய கவனி" என்று காதருகே சொல்ல ஆளில்லாமல் ஆட்டம் எனக்குச் சரியாகப் புரிவதுகூட இல்லை.

நம் திருவொற்றியூர் கிளப்பின் பாஸ்கெட்பால் அணி மேனேஜர் இல்லாமல்தான் இருந்தது. யாரை எந்த அணியிலிருந்து அழைத்து வருவது, யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பன்னிரண்டு வருஷம் நீ ஒருத்தியாகப் பார்த்த வேலை. ஆள் தேடச் சொல்லி மூன்று பேரைப் போட்டார்கள். அதில் நானும் ஒருத்தி. வந்தது ஒரே ஒரு மனு. யாருடையது தெரியுமா? ஜெயவேலு அண்ணனுடையது.

பெயரைப் படித்ததும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், நாம் பெரிய போட்டிக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, உன்னை அணியிலிருந்து எடுத்த மேனேஜர் அவர். அதற்குப் பிறகு நீ பந்தையே தொடவில்லை. அன்றிலிருந்து அவர் எதிரே வந்தால் நான் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். உனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளப் தலைவர் ஏழுமலைக்கு என் முகம் புரிந்துவிட்டது. "கஸ்தூரி, அவரு இன்னா செஞ்சாருன்றத வெச்சி சொல்லு. ஒன் கோவத்த வெச்சி சொல்லாத" என்றார்.

சரி என்று ஜெயவேலு அண்ணன் பெரம்பூரில் ஓர் அணியை நடத்திய வருஷங்களை விசாரித்தேன். எண்ணூரிலிருந்து உயரமான பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார். முதல் மாதமே அவளுக்குக் கணுக்கால் உடைந்தது. அவளை அனுப்பாமல் வருஷம் முழுக்கக் காத்திருந்தார். அந்த வருஷம் தோல்விதான். இன்னொரு வருஷம், பெயர்பெற்ற ஓர் ஆட்டக்காரிக்காகப் பழைய பெண்கள் மூன்று பேரை அணியிலிருந்து நீக்கினார். அந்த ஆட்டக்காரி பாதியிலேயே வேறு அணிக்குப் போய்விட்டாள்.

அந்த மூவரில் சாந்தி இப்போது வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் இருக்கிறாள். தேடிப் போய்க் கேட்டேன்.

"மூணு பேரு வூட்டுக்கும் நேர்ல போனாருக்கா. எங்கம்மா எதிர்லயே சொன்னாரு. 'ஒன் ஆட்டத்துல கொற இல்ல. நான் வேற மாதிரி டீம் கட்டிப் பாக்கறேன். தப்பாக்கூட பூடலாம்'னாரு. தப்பாத்தான் பூட்ச்சி. மறு வருசம் வந்து கூப்டாரு. நான் போவல."

"கோவமா?"

"கோவம்தான். ஆனா ஆளு ஒளிஞ்சிக்கல."

நேர்காணலில் அவரிடம் அந்த மூன்று பெண்களைப் பற்றிக் கேட்டேன். "என் தப்பு" என்றார், அவ்வளவுதான். அடுத்து உன்னைப் பற்றிக் கேட்டேன். டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, "பவானி விசயத்த நான் பேச மாட்டேம்மா. வேற எது வோணா கேளு" என்றார். ஒளிந்துகொள்கிறாரே என்று தோன்றியது. வேண்டாம் என்று எழுதுவதாக முடிவு செய்துவிட்டேன்.

எழுதுவதற்கு முன் உன் புருஷன் முருகனிடம் சொல்லிவிடலாம் என்று உங்கள் வீட்டுக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். உனக்குச் செய்த அநியாயத்தை நான் மறக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவன் கையிலிருந்த சட்டையை மறுபடி வாளியிலேயே போட்டான்.

"அக்கா, அவரு அவள எடுக்கல. அவதான் எடுக்க சொன்னா."

"இன்னா சொல்ற நீ?" என்றேன்.

"அவளுக்கு ஆடவே புடிக்கலக்கா. வெளிய நின்னு பாக்கத்தான் புடிக்கும்னுவா. அக்காகிட்ட சொல்லக் கூடாதான்னு கேட்டேன். 'சொன்னா வுட மாட்டாங்க, எதுனா பேசி திரும்ப இட்டுக்கினு பூடுவாங்க. நீங்களே எடுத்தா மாதிரி இருக்கட்டும்னு அண்ணன்கிட்ட கேட்டுக்கினேன்'னா."

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் நீ வாந்தி எடுப்பாய். முதுகைத் தடவி, சோடா கொடுத்து, "ஒண்ணுமில்ல, வா" என்று கூட்டிப்போனது நான்தான். என்ன ஆச்சு என்று ஒரு நாளாவது கேட்டேனா? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். கேட்டதாக நினைவில்லை.

இருபத்திரண்டு வருஷம், பவானி. எத்தனை ஞாயிறு ஒன்றாக நின்றோம். அவரை நான் திட்டும்போதெல்லாம் நீ பேச்சை மாற்றுவாய். பெருந்தன்மை என்று நினைத்தேன். என்னிடம் சொல்ல முடியாத ஆளாகவா நான் இருந்தேன்? கோபம் வருகிறது. யாரிடம் சண்டை போடுவது?

அவருக்கு ஓட்டுப் போட்டேன். உன் ரகசியத்தைக் காத்தார் என்பதற்காக மட்டும் இல்லை. அவர் செய்ததில் பாதி தோற்றுப்போனது, அதையும் கமிட்டியில் சொன்னேன். ஆனால் அனுப்பிய ஒவ்வொருத்தியிடமும் நேரில் போய்ப் பேசியிருக்கிறார், பழியை அடுத்தவர் தலையில் போட்டதே இல்லை. அந்த நாற்காலியில் உட்கார அது போதும் என்றேன்.

அவர் மேனேஜராக வந்த முதல் நாள் அவரிடம் போய், "முருகன் சொல்லிட்டான்" என்றேன்.

"சொல்லிட்டானா" என்றார். "பவானி நல்லா வந்தா இல்ல, மேனேஜரா? அப்பவே தெரியும் எனக்கு."

உன்னைப் பற்றிப் பேச ஒருவர் கிடைத்தார் என்று பார்த்தால், நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் விசில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் வேலிக்குத் திரும்பினேன்.

நேற்று நம் ரேவதி பையை மாட்டிக்கொண்டே, "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க்கா. நாளைக்கி வரட்டா?" என்று கேட்டாள். அணியில் அவளைவிட நன்றாக ஆடுகிறவள் இல்லை. முகம் சரியில்லை. வாயில் வந்த சமாதானத்தை விழுங்கிக்கொண்டு, வா என்றேன்.

இன்று சாயங்காலம் வருவாள். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆட்டம் போதும் என்று சொன்னால், போதும் என்றே எடுத்துக்கொள்வேன். உனக்குச் செய்யாததை அவளுக்குச் செய்வேன் பவானி, இது சத்தியம்.

நீ என்னிடம் சொல்லாமலே போனாலும் எப்போதும் உன் அக்கா,
கஸ்தூரி