எடுத்தாச்சு என்று சொன்ன ஞாயிறு

ஜூலை 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. சமையலறைக் கொடி முழுக்க ஜெபராஜின் பனியன்கள். புள்ளியியல் விடைத்தாள் இன்னும் ஒரு கட்டு பாக்கி.

ஆபரேஷனுக்குப் பிறகு ஜெ. முதல் முறையாகச் சர்ச்சுக்குப் போனார், எஸ்டேட் ஜீப்பில். வலது கையை இன்னும் முழுசாகத் தூக்க முடியவில்லை. நான்தான் கோட் மாட்டிவிட்டேன். நான் போகவில்லை. கிறிஸ்மஸ், கல்யாணம், சாவு என்றால் மட்டும் போவேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அதற்கு மேல் என்னைக் கட்டாயப்படுத்தியதில்லை, அந்த நன்றி அவரிடம் எனக்கு உண்டு.

திரும்பி வந்தபோது முகமெல்லாம் வெளிச்சம். சபை முன் நின்று சாட்சி சொன்னாராம்.

"கர்த்தர் ஒரு காட்டெருமைய அனுப்பி என்னைக் காப்பாத்தினார்னு சொன்னேன் விமலா. ஒரே ஆபரேஷன், எடுத்தாச்சு, இனி ஊசி இல்லை மருந்து இல்லைன்னு."

"மருந்து இல்லைன்னு டாக்டர் சொன்னாரா?"

"எடுத்ததுக்கப்புறம் எதுக்கு மருந்து?"

எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. கூடுதலாக ஏதோ சாயம் போட்டுப் பார்க்கிறார்களாம். மீன் குழம்பைச் சூடு செய்தேன். நன்றாகச் சாப்பிட்டார்.

காட்டெருமை உண்மைதான். ஏப்ரலில் தேயிலை ஃபாக்டரி வளைவில் எதிரே நின்றது. ஃபாக்டரியை நடத்தும் டீமேக்கர் என்ற மரியாதையெல்லாம் பார்க்காமல் ஓடி, வாய்க்காலில் விழுந்தார். விலா வலி. குன்னூரில் எக்ஸ்ரே எடுத்ததில் எலும்புக்கு ஒன்றுமில்லை, வலது நுரையீரலின் மேல் பக்கம் சின்னதாக ஒரு புள்ளி. பிறகு கோவை, ஸ்கேன் மேல் ஸ்கேன். ஊசி குத்திப் பார்த்ததில் எதுவும் தெளிவாகவில்லை. வேறெங்கும் பரவவில்லை என்பதால் நுரையீரலின் அந்த மேல் பாகத்தை அப்படியே எடுத்துவிட்டார்கள். எருமை இவரைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது என்பது என் எண்ணம்.

ஜூலை 9, புதன்

கோவை போய் வந்தோம். முடிவு வந்துவிட்டது.

புற்றுநோய் டாக்டர் என்னைவிட இளையவர். மேசையில் பாதி கடித்த பிஸ்கட். சுற்றி வளைக்காமல் பேசினார், அது எனக்குப் பிடித்தது. சிறு செல் வகையாம். பெரும்பாலும் புகைத்தவர்களுக்கு வருவது. (தேயிலை உலர்த்தும் ட்ரையர் பின்னால் நின்று இருபது வருஷம் புகைத்தார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.)

"வழக்கமா இந்த வகைக்கு நாங்க ஆபரேஷனே யோசிக்கறதில்லைங்க. கண்டுபிடிக்கறப்பவே பரவியிருக்கும். கீமோவும் ரேடியேஷனும்தான். சார் மாதிரி இவ்வளவு சீக்கிரம் அகப்படறது அபூர்வம். அப்ப மட்டும் ஆபரேஷனுக்கு இடம் இருக்கு. கூடவே எடுத்த நிணநீர் முடிச்சுலயும் ஒண்ணும் இல்லை."

"அப்ப முடிஞ்சுதுங்களே" என்றார் ஜெ.

"பாதி. இது ரத்தத்துல சீக்கிரம் கிளம்பிடற வகை. கண்ணுக்குத் தெரிஞ்சதை எடுத்தாச்சு. தெரியாததுக்குக் கீமோ வேணும். ஆபரேஷன் மட்டும் போதாதுங்க சார். புண் ஆறிடுச்சு, இனித் தள்ளிப்போட வேண்டாம்."

நான்கு சுற்று. ஒவ்வொன்றும் மூன்று நாள். தலை ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திங்கள் 21 முதல் என்று எழுதிக் கொடுத்தார்.

ஜெ. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் பர்லியாரில் பஸ் நின்றபோது இறங்கி மங்குஸ்தான் வாங்கினார். தோலை உரித்து எனக்கே எல்லாம் கொடுத்தார். அடுத்த கொண்டை ஊசி வளைவில்:

"நான் வரலை."

"எங்கே?"

"திங்கக்கிழமைக்கு."

ஜூலை 10, வியாழன்

தூறல். கல்லூரியில் இரண்டு வகுப்பு. பாதிப் பேர் வரவில்லை, ரோட்டில் மரம் விழுந்திருக்கிறதாம்.

காரணம் இன்றுதான் வெளியே வந்தது. வலி இல்லை, செலவு இல்லை, பயம்கூட இல்லை. சாட்சி.

"அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன். இப்ப மொட்டைத் தலையோட போய் உக்காந்தா, கர்த்தர் பேரைச் சொல்லிப் பொய் சொன்னவன்னு ஆயிடும்."

"நீங்க சொன்னப்ப ரிப்போர்ட் வரலை. அது பொய் இல்லை, தகவல் போதாமை."

"அதை உன் கிளாஸ்ல சொல்லு."

ஒரு மனிதர் மருந்தை மறுக்க எத்தனையோ காரணம் கேட்டிருக்கிறேன். சொன்ன சொல்லுக்காக மறுப்பவரை இப்போதுதான் பார்க்கிறேன். அதுவும் என் வீட்டில். கோபம் வந்தது. கூடவே, இப்படி ஒருவரைத்தானே கல்யாணம் செய்தோம் என்றும்.

மதியம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். இந்த வகையில் ஆபரேஷன் ஆனவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் யாருக்கு ஆபரேஷன் செய்கிறார்கள்? சீக்கிரம் அகப்பட்டவர்களுக்கு, உடம்பு தாங்குகிறவர்களுக்கு. கத்தி காப்பாற்றியதா, அல்லது முதலிலேயே நல்ல நிலையில் இருந்தவர்களைத்தான் கத்தியிடம் அனுப்பினார்களா? பிரித்துச் சொல்வது கடினம். ஒரு மாணவி இப்படி எழுதினால் முழு மதிப்பெண் போடுவேன். எனக்கு நானே போட்டுக்கொள்ள மனமில்லை. கத்தியும் காப்பாற்றியிருக்கட்டும்.

ஆபரேஷன் மட்டும் போதாது என்பதில் மட்டும் யாரும் வேறுபடவில்லை.

ஜூலை 12, சனி

வெயில். பதினொரு மணி வரை, அதன் பிறகு மூடுபனி. பனியன்கள் காய்ந்துவிட்டன.

ஜெ.யின் அக்கா கோவையிலிருந்து போன். பெரிய நாத்தனார், பெரிய குரல்.

"கத்தி வச்சா பரவும்னு அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

"பரவலைங்க அண்ணி."

"அப்ப எதுக்குக் கீமோ?"

ஜெ. கேட்ட அதே கேள்வி, எதிர்ப்பக்கத்திலிருந்து. ஒருவருக்குக் கத்தி எல்லாவற்றையும் முடித்துவிட்டது, இன்னொருவருக்குக் கத்திதான் எல்லாவற்றையும் தொடங்கிவிட்டது. டாக்டர் சொன்ன நடுவிடத்தில் நான் மட்டும் நிற்கிறேன். கூட்டமில்லாத இடம்.

மற்றவை: இத்தலாரிலிருந்து கேரட் வந்தது, சூப் வைத்தேன். கேஸ் சிலிண்டர் பதிவு செய்யவில்லை. ஜெ. வாசல் படியெல்லாம் நிற்காமல் ஏறினார். போன வாரம் இரண்டு முறை நின்றார்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. சட்டையெல்லாம் மாட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மணி அடித்து ஓயும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாங்களேன்" என்றேன். இந்த வார்த்தை என் வாயில் வரும் என்று நினைத்ததில்லை.

"எந்த மூஞ்சியோட?"

எட்டே நாள் இருக்கிறது. நான் மேலும் பேசினால் பிடிவாதம் இறுகும். பேசாமல் இருந்தால் நாள் போய்விடும். விடைத்தாள் திருத்தினேன், ஒரே தாளை இரண்டு முறை.

ஜூலை 15, செவ்வாய்

மாலை எஸ்தர் வந்தாள். அரவேணுவில் கடை வைத்திருக்கிறாள், சர்ச் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். ஒரு பாக்கெட் வர்க்கி, பன்னிரண்டு முட்டை, நனைந்த குடை.

"ஏனுங்கண்ணா, ஞாயித்துக்கிழமை ஆளையே காணோம்? உடம்புக்கு ஆகலீங்களா?"

என்னிடம் சொல்ல ஒரு நாள் முழுக்க எடுத்ததை, ஜெ. அவளிடம் ஒரு டம்ளர் டீ முடிவதற்குள் சொல்லிவிட்டார். ரிப்போர்ட், கீமோ, சாட்சி, பொய்.

"இதுக்குத்தான் வரலீங்களா?"

"எல்லாரும் கேட்டாங்களே எஸ்தர்."

"என்னத்தைக் கேட்டோம்? அன்னிக்கு அடிச்ச மழைக்குத் கூரைத் தகரத்துல ஒரே சத்தமுங்க. கரண்டும் இல்ல, மைக்கும் இல்ல. நீங்க வாயை அசைச்சீங்க, கண்ணைத் துடைச்சீங்க, ஒரு கையத் தூக்குனீங்க. நாங்க ஸ்தோத்திரம்னோம்."

"ஒண்ணுமே கேக்கலையா?"

"காட்டெருமைன்னு மட்டும் கேட்டுச்சுங்க. ஊட்டுக்குப் போற வழியில எங்க ஊட்டுக்காரரு கேக்கறாரு, டீமேக்கரை எருமை முட்டிருச்சாமே, அதுக்கு எதுக்குடி ஸ்தோத்திரம்னு."

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். சிரிப்பு அடங்கிய பிறகு எட்டிப் பார்த்தேன். ஜெ.யின் முகத்தில் நிம்மதியைத் தேடினேன், இருந்தது அவமானம்.

"ரெண்டு நாள் மனப்பாடம் பண்ணினேன்" என்றார்.

"வீணாப் போகலீங்கண்ணா. மருந்தெல்லாம் முடிச்சுட்டு, அதையும் சேத்து மறுக்கா சொல்லுங்க. மழையில்லாத மாசமாப் பாத்து."

கேட் வரை கூடப் போனேன். "நெஜமாவே யாருக்கும் கேக்கலையா எஸ்தர்?"

"முன் பெஞ்சுக்குக் கேட்டிருக்கும்க்கா. அங்க எங்க மாமியாதான் உக்காந்திருந்தாங்க." காதைத் தொட்டுக் காட்டினாள். "அவிங்களுக்கு வெயில் காலத்துலயே கேக்காது."

எஸ்தர் போன பிறகு ஜெ. செய்தித்தாளை விரித்துக்கொண்டார். வர்க்கியை டீயில் தொட்டுக்கொள்ளாமல் தின்றார். பிறகு, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து:

"எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க, திங்கக்கிழமை?"

"எட்டு."

"அப்ப ஞாயித்துக்கிழமையே இறங்கிடணும். ஃபாக்டரியில லீவு நீட்டச் சொல்றேன்."

அவ்வளவுதான். முட்டைகளை எடுத்து அடுக்கினேன். ஒன்று விரிசல். ஆம்லெட் போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

எடுத்துப்போக: ரிப்போர்ட் ஃபைல், ஃபிளாஸ்க், ஸ்வெட்டர் (ஏ.சி.), இஞ்சி மிட்டாய், மஃப்ளர், என் விடைத்தாள்கள்.

மதியம் யாரிடமும் சொல்லாமல் போய் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தார். கொட்டுவதற்கு முன் தானே முந்திக்கொண்டதாக விளக்கம். காது இவ்வளவு பெரிசு என்று இத்தனை வருஷம் தெரியவில்லை. அழகாகத்தான் இருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

கோவை. நேற்று இறங்கியதும் புழுக்கம். இரவு நாத்தனார் வீட்டில், கத்தியைப் பற்றிப் பேச்சு வரவில்லை, கோழி பிரியாணி.

இன்று எட்டுக்குப் போய், பத்தரைக்குத்தான் மருந்து ஏறத் தொடங்கியது. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். பக்கத்தில் பல்லடத்துக்காரர் ஒருவர், தறி ஓட்டுகிறவர், இரண்டாவது சுற்று. அவருக்கும் இதே வகை. அவர் கண்மூடிக் கிடந்தார், மனைவி ஜெ.யிடம் கேட்டார்.

"உங்களுக்கு ஆபரேஷன் பண்ணிட்டாங்களாங்க?"

"ஆச்சுங்க."

அந்த அம்மாள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டார். "இவருக்குக் கத்தியே வைக்கலைங்க. கத்தி வைக்கலைன்னா கைவிட்டுட்டாங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்க."

ஜெ. ஊசி குத்தாத கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படி இல்லீங்கம்மா. இந்த வகைக்கு மருந்துதான் முக்கியம். ஆபரேஷன் பத்துல ஒருத்தருக்கு வாய்க்கறதே அபூர்வம். எனக்குத் தற்செயலா முன்னாடியே தெரிஞ்சுது, எடுத்தாங்க. எடுத்துட்டும் என்ன ஆச்சு? உங்க ஊட்டுக்காரருக்குப் பக்கத்துலயேதானே உக்கார வச்சிருக்காங்க. பாட்டிலைப் பாருங்க."

பத்தில் ஒருவர் என்ற கணக்கு எங்கிருந்து வந்ததோ. திருத்தவில்லை.

அந்த அம்மாள் எழுந்து போய் இரண்டு பாட்டிலிலும் ஒட்டியிருந்த பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். தன் கணவரிடம் திரும்பி, "ஒண்ணேதானுங்க" என்றார். அவர் கண் திறந்து, ஜெ.யைப் பார்த்துத் தலையசைத்தார்.

இப்போது இரண்டாவது பாட்டில் ஏறுகிறது. இரண்டு பேரும் வாய் திறந்து தூங்குகிறார்கள். அந்த அம்மாள் தயிர்சாதம் எடுத்து நீட்டுகிறார், மூடியில் ஊறுகாய். பேனாவை வைக்க வேண்டும்.