மூன்றாவது அறையில் ஹீட்டர்

நவம்பர் 3, ஞாயிறு

காலையிலிருந்து மீன்தொட்டி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தேன். மேலே இரண்டடித் தொட்டி, உப்புத்தண்ணீர், ஒரு ஜோடி கோமாளி மீன், நான்கு நத்தை. கீழே இருக்கிற இடம் இருபத்திரண்டு அங்குலம். அதற்குள் சம்ப் வைக்க வேண்டும். அதாவது இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலே வழிகிற தண்ணீர் அதில் இறங்கி, மூன்று அறைகளாகச் சுத்தமாகி, மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறும்.

“செருப்பு மட்டுந்தான் வெளிய தெரியுது. உள்ள ஆள் இருக்கா இல்லையா?” என்றாள் என் மனைவி. குதிகால் வலிக்காக டாக்டர் வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்புப் போடச் சொன்னதிலிருந்து இந்தக் கிண்டல்தான்.

பிறகு, “ஏங்க, கீசர்ல சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது. போடலாமா?”

“போடு.”

போட்டாள். கல்யாணமாகிப் பதினேழு வருஷமாக இப்படித்தான். எந்த சுவிட்சானாலும் என்னைக் கேட்டுத்தான் கை வைப்பாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. தராசுகளைச் சரிபார்ப்பது என் உத்தியோகம். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சாப்பிடுகிறவன்.

நவம்பர் 10, ஞாயிறு

கட்டம் போட்ட தாளில் வரைந்து முடித்தேன். முதல் அறையில் வடிகட்டும் பை. நடு அறையில் கல்லும், அழுக்கை நுரையாகப் பிரிக்கிற கருவியும். மூன்றாவதில் மோட்டார்.

தண்ணீரின் சூட்டைக் காக்கிற கண்ணாடிக் குழாய் ஹீட்டர் எப்போதும் முழுக மூழ்கியிருக்க வேண்டும். அதை எங்கே வைப்பது? வளர்ப்பு மீன் கடைக்காரர் நடு அறையைச் சொன்னார். “அங்க மட்டம் மாறாது சார். தண்ணி ஆவியாகிக் குறையறது பூரா கடைசி அறையிலதான் தெரியும்.” ஆனால் நுரைக் கருவி நடு அறையை அடைத்துக்கொண்டுவிட்டது. மாற்ற வேண்டுமென்றால் முதலிலிருந்து வரைய வேண்டும். கண்ணாடி வெட்டுகிறவருக்கு அளவு கொடுத்தாயிற்று.

மூன்றாவதிலேயே இருக்கட்டும். குறைகிற தண்ணீரைத் தினமும் ஊற்றிவிட்டால் போயிற்று. பகலில் அவள் வீட்டில்தானே தைத்துக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 17, ஞாயிறு

ஓடுகிறது! சத்தமே இல்லை. மெயினை அணைத்தும் பார்த்தேன். மேலிருந்து இறங்கிய தண்ணீர் சம்பின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது. கணக்கு சொன்ன இடத்தில்.

மச்சினன் வந்து ஒயரிங் செய்தான். எலக்ட்ரீசியன், அக்கா என்றால் உயிர். தொட்டிக்கென்று தனியாக ஒரு டிரிப் சுவிட்ச் போட்டான். “மாமா, தண்ணில கரன்ட் கசிஞ்சா இது உடனே விழுந்துரும். இதுல மட்டும் உங்க மூளையக் காட்டாதீங்க.” மூவரும் சிரித்தோம்.

நவம்பர் 18, திங்கள்

மூன்றாவது அறையில் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். மத்தியானம் ஒரு ஜக் நல்ல தண்ணீர், அந்தக் கோடு வரைக்கும். அவளுடைய வேலை.

நவம்பர் 26, செவ்வாய்

டிரிப் சுவிட்ச் இந்த வாரத்தில் மூன்றாவது தடவை விழுந்தது. அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். எத்தனை மணி நேரம் மோட்டார் நின்றதோ தெரியவில்லை. நான் வரும்போது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பிளக் பெட்டியில் உப்பு பூத்திருந்தது. அந்த ஈரம்தான் காரணமாக இருக்கும். துடைத்தேன்.

நவம்பர் 29, வெள்ளி

மறுபடி விழுந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

டிரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு ஒயரை நேராக இணைத்தேன். ஒரு வாரத்துக்குத்தான், புதுப் பிளக் பெட்டி வாங்கும் வரை. மச்சினனிடம் சொல்லவில்லை. சொன்னால் குதிப்பான்.

இப்போது நிற்காமல் ஓடுகிறது.

டிசம்பர் 4, புதன்

“தண்ணி ஊத்தறப்ப விரல் படுதுல்ல, விறுவிறுங்குதுங்க” என்றாள்.

“நாள் பூரா ஊசி குத்தின விரல். உப்புத்தண்ணி பட்டா எரியத்தான் செய்யும்.”

“எரியல. விறுவிறுங்குது.”

அவள் எதிரிலேயே சம்புக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுக் காட்டினேன். ஒன்றுமே இல்லை. “சரி, நீங்க சொன்னா சரி” என்று மெஷினுக்குப் போய்விட்டாள். வெறுங்காலில்தான் தைப்பாள். செருப்புப் போட்டால் பெடல் பிடிபடாதாம்.

டிசம்பர் 6, வெள்ளி

நான்கு நத்தைகளும் தண்ணீரை விட்டு மேலே ஏறிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே தள்ளினேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி மேலே. மீன்கள் ஒரு மூலையை விட்டு நகரவில்லை.

“தண்ணில என்னவோ இருக்குங்க. இன்னிக்கும் விறுவிறுன்னுச்சு, முழங்கை வரைக்கும்” என்றாள்.

உப்பு அளந்தேன், சரி. சூடு, சரி. டெஸ்டரை விட்டுப் பார்த்தேன், எரிந்த மாதிரி தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது, அது வேறு.

மனசு சரியில்லை. ஏன் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

டிசம்பர் 7, சனி

பக்கத்து வீட்டம்மா ஆபீசுக்குப் போன் செய்தார். ஜக்கோடு விழுந்து கிடந்தாளாம். அந்த அம்மாதான் மெயினை அணைத்திருக்கிறார்.

மூச்சு இருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தா. உள்ளங்கையில் தீப்பட்ட மாதிரி புண். இதயத் துடிப்பு சீராக இல்லை, இரண்டு நாள் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

மச்சினன் வீட்டுக்குப் போய் ஹீட்டரை எடுத்துவந்தான், ஒரு துண்டில் சுற்றி. கண்ணாடியில் முடி அளவு விரிசல். “தண்ணி குறைஞ்சு பாதி வெளிய நின்னு காய்ஞ்சிருக்கு மாமா. கொதிக்கிற கண்ணாடி மேல தினம் பச்சத்தண்ணி ஊத்தினா?” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “நான் போட்ட சுவிட்ச் எங்க?” என்றான். வேறெதுவும் கேட்காமல் எழுந்து போய்விட்டான். அடித்திருக்கலாம்.

அந்த சுவிட்ச் நாலு தடவை விழுந்ததே, அதுக்குத்தானே விழுந்துச்சு! நான் பிளக்கைத் துடைச்சேன். அவ சொன்னாளே. ரெண்டு தடவ சொன்னாளே. நான் கையை விட்டுக் காட்டினேன், ஒண்ணுமில்லன்னு — கால்ல ரப்பர் செருப்பு. அவ வெறுங்கால். இது ஏன் எனக்குத் தோணல?

தண்ணீர் ஊற்று என்று நான்தான் சொன்னேன். கோடும் நான்தான் போட்டேன்.

டிசம்பர் 11, புதன்

துடிப்பு சீராகிவிட்டது. வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கழிவறைக்குள் போய் அழுதேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

அவள் வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. மீன்களையும் நத்தைகளையும் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அலமாரி காலி. வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் ஊசியைப் பிடிக்க மறுக்கின்றன. தையல் மெஷின்மேல் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிட்டீங்களா என்கிறாள், கால் வலி எப்படி இருக்கு என்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க” என்றாள்.

இன்று காலை கீசரில் சிவப்பு விளக்கு மறுபடி விட்டு விட்டு எரிந்தது. குளியலறை வாசலில் அவள் நின்றிருந்தாள். பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், நான். சுவிட்சையும் என்னையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் போனை எடுத்துவந்தாள்.

“தம்பி, கீசர்ல சிவப்பு லைட்டு எரியுதுடா. போடலாமா?”

அவன் பதில் சொல்லும்வரை இரண்டு பேரும் காத்துக்கொண்டு நின்றோம்.