மகனிடம் அல்ல, வேலைக்குப் போகிறேன்

அனுப்புநர்:
செல்வி மார்கிரட் நதானியேல்,
புகையிரதக் கடவை ஒழுங்கை,
கொக்குவில்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

விடயம்: எனது வதிவிட, நற்சான்றுப் பத்திரத்தில் எழுதப்பட்டுள்ள மகனை நீக்கித் தருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அறுபத்துமூன்று வயதான, திருமணமாகாத பெண். சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தவள். அப்பா படுக்கையில் விழுந்தபடியால் அதற்கு மேல் படிக்கப் போகவில்லை. ஆங்கிலத்தை வானொலியிலிருந்தும், எங்கள் மெதடிஸ்த ஆலய அலுமாரியில் மிஷனரிமார் விட்டுச்சென்ற புத்தகங்களிலிருந்தும் நானாகவே கற்றேன். பின்னர் வீட்டு விறாந்தையில் வகுப்பு நடத்தினேன். ஊர்ப் பாடசாலைகளுக்கு விண்ணப்பித்தபோதெல்லாம் பட்டம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதைப் பற்றி இம்மனுவில் நான் முறையிடவில்லை. என்னிடம் படித்தவர்கள் பெரும்பாலும் வெளிநாடு போய்விட்டார்கள். இப்போது விறாந்தையில் அவர்கள் உட்கார்ந்து படித்த வாங்குகள் மட்டும் இருக்கின்றன.

2. ஆகவே, படிக்க ஆள் இருக்கும் இடத்துக்கு நானே போவது என்று தீர்மானித்தேன். வெளிநாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலைகளுக்கான விளம்பரங்களைக் கைத்தொலைபேசியில் தேடினேன். பல விளம்பரங்கள் முதல் வரியிலேயே பட்டம் கேட்டன. பட்டம் கேட்காதவை வயதைக் கேட்டன. இரண்டையும் கேட்காத ஓர் இடம் கிடைத்தது. அது கம்போடியாவில் ஹோட்டல் வேலைக்கு இளைஞரைப் பழக்கும் ஒரு சிறிய பாடசாலை. ஆசிரியருக்கான குறுகிய பயிற்சி ஒன்றை முடித்திருந்தால் போதும் என்றார்கள். இணையத்தில் முடித்தேன்.

3. அவர்கள் என்னைத் தொலைபேசித் திரையில் நேர்முகம் கண்டார்கள். பட்டம் இல்லை என்பதை முதலிலேயே சொன்னேன். அப்படியானால் இப்போதே பாடம் நடத்திக் காட்டுங்கள் என்று பயிலுநர் சிலரை எதிரே உட்கார்த்தினார்கள். அறை காலியில்லை என்பதை வந்தவர் மனம் நோகாமல் சொல்லப் பழக்க வேண்டும். மனம் நோகாமல் "இல்லை" சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியும். நோகும்படி சொல்வதைப் போதிய அளவு கேட்டிருக்கிறேன். அடுத்த வாரமே வேலைக்கு வரும்படி எழுதினார்கள். தங்கள் அலுவலகத்தின் மேலொப்பத்துடன் வதிவிட, நற்சான்றுப் பத்திரம் ஒன்றைக் கேட்டார்கள். இங்கேதான் தடை ஏற்பட்டது.

4. எமது கிராம அலுவலர் திரு. பிரகாஸ் அவர்கள் பண்பான இளைஞர். கதிரை தந்து, "ஆரிட்டைப் போறியள், ரீச்சர்?" என்று கேட்டார். ஒருவரிடமும் இல்லை, வேலைக்குப் போகிறேன் என்றேன். "இந்த வயசிலை வேலைக்கோ? பகிடி விடாதேங்கோ" என்று சிரித்துக்கொண்டே எழுதி, கடித உறையில் இட்டுத் தந்தார். வாசலில் நின்று வாசித்தேன். நோக்கம் என்ற இடத்தில் "வெளிநாட்டிலுள்ள மகனுடன் வசித்தல்" என்று இருந்தது.

5. திரும்பிப் போய்க் கேட்டேன். "வயசுபோன ஆக்கள் எல்லாருக்கும் உப்பிடித்தான் எழுதுறனான், ரீச்சர். மகன் எண்டால் ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்" என்றார். எனக்கு மகன் இல்லை என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப மருமகன் எண்டு போடட்டோ?" என்றார். அவருடைய நல்ல மனதை நான் குறை கூறவில்லை. ஆனால் அலுவலகப் பிரதி கணினி வழியாக அப்போதே தங்களிடம் வந்துவிட்டதால் திருத்தம் தங்கள் அலுவலகத்திலேயே செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டேன்.

6. தங்கள் அலுவலகத்தில் இவ்விடயத்துக்குப் பொறுப்பான திருமதி உதயகலா அவர்கள் எனது கோரிக்கையைப் பொறுமையாகக் கேட்டார். "டிகிரி இல்லாமல் ரீச்சர் எண்டு எழுத ஏலாது, ரீச்சர்" என்றார். நான் ஆசிரியை என்று தாங்கள் அத்தாட்சிப்படுத்த வேண்டியதில்லை. கொக்குவிலில் வசிக்கிறேன், கெட்ட நடத்தை இல்லை என்பதே போதும் என்று விளக்கினேன். அப்படியானால் வீட்டுப் பணிப்பெண் என்று போடலாம், அதற்குப் பட்டம் தேவையில்லை என்றார். பிறகு எனது அடையாள அட்டையைப் பார்த்து, அதற்கு வயது கூடிவிட்டது என வருந்தினார். ஆசிரியையாகப் போகப் படிப்புப் போதாது, பணிப்பெண்ணாகப் போக இளமை போதாது என்ற நிலையில், எனக்கு எஞ்சியிருப்பவர் மகன் ஒருவரே.

7. அவரை நீக்குவதற்கு மகனின் மரண அத்தாட்சிப் பத்திரம், அல்லது என்னைத் தம்முடன் வைத்திருக்க விருப்பமில்லை என்று மகனே எழுதிய கடிதம் தேவை என்று தெரிவிக்கப்பட்டது. பிறக்காதவரின் மரணத்தைப் பதிய வழியில்லை என்பதைப் பதிவாளரிடம் விசாரித்து அறிந்தேன். கடிதத்தைப் பொறுத்தவரை, அவரது முகவரி என்னிடம் இல்லை.

8. இதற்கிடையில் மகன் ஊருக்குள் பரவிவிட்டார். சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அடுத்த வளவு சுகிர்தம் என்னைத் தனியே அழைத்து, "இவ்வளவு காலமும் ஒளிச்சு வைச்சிட்டாய் என்ன? சரி, அது போகட்டும். பெடியனுக்கு அங்கை நிரந்தரமாய் இருக்க பி.ஆர். கிடைச்சிட்டுதோ? ஞானஸ்நானம் எடுத்தவரோ? எங்கடை பிரியந்தினிக்கும் மாப்பிள்ளை பாக்கிறம்" என்றார். மகன் இல்லை என்றேன். "வேறை இடத்திலை பேசி முடிச்சிட்டாய் போலை" என்று கோபித்துக்கொண்டு போனார். திருமணமாகாத ஒரு பெண்ணுக்கு இந்த வயதில் இப்படி ஒரு விளக்கம் சொல்ல நேர்வது எவ்வளவு கூச்சம் என்பதைத் தாங்கள் ஊகித்துக்கொள்வீர்கள்.

9. மகன் இருக்கட்டும், போய்ச் சேர்ந்தால் சரிதானே என்று பலர் புத்தி சொல்கிறார்கள். பொய் சொல்லிப் போவதென்றால் இல்லாத பட்டத்தையே எழுதியிருக்கலாம். அதைச் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்வி. என்னை உள்ளபடி ஏற்றுக்கொண்ட இடத்துக்குப் பொய்யான ஒரு தாளுடன் போக நான் உடன்படேன்.

10. எனவே, மகனை நீக்கி, "தொழில் நிமித்தம்" என்ற இரண்டு சொற்களை எழுதி மேலொப்பம் இட்டுத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தொழில் என்று எழுத வேண்டியதில்லை. இம்மாதம் இருபத்தோராந் திகதிக்குள் பத்திரம் போய்ச் சேராவிட்டால் அந்த வகுப்பை வேறொருவருக்குக் கொடுப்பதாக எழுதியிருக்கிறார்கள். வேலைக்கு வா என்று என்னை எழுதிக் கேட்டது என் வாழ்நாளில் அந்தப் பாடசாலை ஒன்றுதான்.

தங்கள் பதிலைத் தபாலில் அனுப்பிச் சிரமப்பட வேண்டாம். நாளை காலை அலுவலகம் திறக்கும் நேரம் முதல் தங்கள் அறைக்கு வெளியே உள்ள வாங்கில் இருப்பேன். பத்திரம் கைக்கு வரும்வரை ஒவ்வொரு வேலை நாளும் அங்கேயே இருப்பேன். கூப்பிட்டால் கேட்கும்.

தளராத மரியாதையுடன்,
(ஒப்பம்)
மார்கிரட் நதானியேல்

இடம்: கொக்குவில்
திகதி: 03.03.2025