புரட்டிப் போட்ட சாய்வு நாற்காலி

அன்புள்ள பென்சிலுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள், வேளைக்குச் சாப்பிடுவீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம். சுகம் என்றால் உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கு மனசுதான் மூன்று வாரமாக ஒரு இடத்தில் நிற்கவில்லை, அது ஏன் என்று இந்தக் கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன், நடுவில் கோபப்பட்டு மடித்து வைத்துவிடாதே. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, பள்ளிக்கூட ஆபீஸில் அவள் மேஜையை மாடியிலிருந்து கீழே மாற்றிவிட்டார்கள், படி ஏறுகிற வேலை மிச்சம். உன் தம்பி ஞாயிறுதோறும் வருகிறான், போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே போய்வருகிறேன் என்கிறான். பாத்ரூம் குழாய் ஒழுகியது, பிளம்பர் மூன்று தடவை வந்து சரி செய்தார், இப்போது அது ஒழுகவில்லை, பக்கத்துக் குழாய் ஒழுகுகிறது. வேலை உனக்குத் தெரிந்ததுதான், பள்ளிக்கூடம் திறக்கிற மாதம், யூனிஃபார்ம் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, காலை எட்டு மணிக்கு கட்டிங் டேபிள் முன்னால் நின்றால் மத்தியானம் வரை நிமிர முடிவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய ‘மூட்டை நண்டு’ ஐந்தாம் புத்தகம் வந்து சேர்ந்தது. அந்தக் கதைக்கு மூலமான வீடியோ கேமை நான் ஆடியதில்லை, உன் தம்பி ஒருமுறை அவன் போனில் காட்டினான், ஒரு நண்டு வீடு வீடாகப் போய் கட்டில், பீரோ, அண்டா எல்லாவற்றையும் தன் ஓட்டுக்குள் இடுக்கு விடாமல் அடுக்கி ஒரே நடையில் வீடு மாற்றிக் கொடுக்கிறது. இதில் என்னடா விளையாட்டு, நான் முப்பத்தெட்டு வருஷமாகத் துணி மேல் செய்கிற வேலைதானே இது என்று கேட்டேன். அதையே நீ படக்கதையாக்கி, நடுநடுவே புதிர் வைத்து, புதிரைப் போட்டால்தான் அடுத்து எந்தப் பக்கத்துக்குப் போவது என்று தெரியும்படி செய்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முதல் புத்தகத்தை நான் வரிசையாகப் படித்துவிட்டு, பன்னிரண்டாம் பக்கத்தில் கடலில் மூழ்கிய நண்டு பதின்மூன்றாம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறதே, பக்கம் மாறி அச்சாகிவிட்டது என்று உனக்கு அவசரமாகப் போன் செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா, நீ அரை நிமிஷம் சிரித்தாய், பிறகுதான் விளக்கம் சொன்னாய்.

ஐந்தாம் புத்தகத்தைப் பிரித்ததும் அம்மாதான் முதலில் பார்த்தாள். முதல் பக்கத்தில் நன்றி என்று போட்டு, ‘ஒவ்வொரு புதிரையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் என்னோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்த என் மாமனாருக்கு’ என்று எழுதியிருந்தாய். அம்மா அதை ஒரு தடவை வாசித்தாள், எனக்குக் காது கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சத்தமாக வாசித்தாள். ரொம்ப நல்லது, பெரியவர்களை மதிக்கத் தெரிந்த பெண் என்று சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போன பிறகு புத்தகத்தை எடுத்து முன்னட்டை, பின்னட்டை, உள்ளட்டை எல்லாம் புரட்டினேன், விலை போட்ட இடத்துக்குக் கீழே பொடி எழுத்தில்கூட என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிந்தது. சம்பந்தி நல்ல மனுஷர், அதுதான் கஷ்டமே, கெட்டவராக இருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன். அவர் உன் வீட்டுக்குக் கீழ் வீட்டிலேயே இருக்கிறார், பல் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு ஓய்வாக இருக்கிறார், காலையில் செருப்பு மாட்டாமலே மாடி ஏறி உன் மேஜைக்கு வந்துவிடலாம், எல்லாம் சரிதான். ஆனால் பல்லைப் பிடுங்கி இடத்தைக் காலி செய்வது அவர் தொழில், இடம் காலியில்லாமல் அடுக்குவது என் தொழில். நீ யாரைக் கூப்பிட்டிருக்கிறாய் பார். அந்த வாரம் போனில் பேசும்போது அவர் வேறு, நம்ம பொண்ணு புதிர்ல ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாது சார், நானே பார்த்துட்டேன் என்றார். நம்ம பொண்ணாம். ஆமாம் சார், ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், ஓட்டை கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று. மத்தியான சாப்பாட்டு இடைவேளையில் கட்டிங் டேபிள் ஓரமாகப் புத்தகத்தை விரித்துவைத்து ஒவ்வொரு புதிராகப் போட்டேன். பேட்டர்ன் வெட்டுகிற பழுப்பு அட்டையில் மீந்த துண்டுகளை எடுத்து, படத்தில் இருக்கிற சாமான்களை அளவெடுத்து வரைந்து வெட்டி, நண்டு ஓட்டுக் கட்டத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது, எனக்கு ஏமாற்றமாகவும் இருந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில்தான் மாட்டியது. பாட்டு டீச்சர் வீட்டுச் சாமான், மொத்தம் பன்னிரண்டு, பதினொன்றுதான் ஓட்டுக்குள் அடங்கும், குடை மட்டும் வெளியே நிற்கும், நண்டு அதைக் கையில் பிடித்துக்கொண்டு போகும், வழியில் மழை வரும், அந்தக் குடையால்தான் மிச்சக் கதையே. நான் இரண்டு நாள் நகர்த்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் குடை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. பன்னிரண்டும் அடங்கிவிட்டது, பென்சில். தையல் பகுதியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி கை தட்டினேன். குடை உள்ளே போய்விட்டால் உன் கதை அந்த இடத்தோடு கவிழ்ந்துவிடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சம்பந்தி பார்த்துப் பார்த்து விட்ட ஓட்டையை நான் பிடித்துவிட்டேன் என்பதுதான் மண்டைக்குள் நின்றது.

உனக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம், அப்படித்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் உனக்கு மட்டும் சொன்னால் அவருக்குத் தெரியாமல் போய்விடுமே. கடைசிப் பக்கத்தில், தவறு கண்டுபிடிக்கும் சின்ன வாசகர்களின் பெயர் அடுத்த புத்தகத்தில் அச்சாகும் என்று போட்டு ஒரு படிவம் இருக்கிறதல்லவா, அதை வெட்டி எடுத்தேன். பெயர் என்ற இடத்தில் வாயில் வந்த ஒரு பெயரை எழுதினேன். வயது என்ற இடத்தில் என் வயதில் ஐந்தை விட்டுவிட்டு ஏழை மட்டும் போட்டேன். விலாசத்துக்கு நம் தெரு முனை பட்டன் கடை விலாசம். கூடவே படமும் வரைந்து வைத்து, புத்தகம் போடுகிற உங்கள் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். பொய் சொன்னது இதுதான், முழுசாகச் சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் அந்த வியாழக்கிழமை நீ அம்மாவிடம் பேசினாய். நான் பக்கத்தில்தான் நின்றேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். யாரோ ஒரு சின்னப் பிள்ளை நாற்பத்தோராம் பக்கத்தில் தப்பு கண்டுபிடித்து எழுதியிருக்கிறது, மறு அச்சை நிறுத்திவைத்திருக்கிறார்கள், தப்பு நிஜம்தான் என்றால் ஆறாம் புத்தகத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று ஆபீஸில் பெரிய மேடம் சொல்லிவிட்டார்கள், நேற்றிலிருந்து கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், சாப்பிடவே தோன்றவில்லை என்று சொன்னாய். உன் குரல் அப்படி ஒடுங்கி நான் கேட்டதில்லை. பிறகு, மாமாதான் கூட உட்கார்ந்து துண்டு வெட்டிக் கொடுக்கிறார் என்றாய். எனக்கு அழுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவரை உன் மேஜையிலிருந்து எழுப்ப நான் எழுதிய கடிதம், அவரை முழு நாளும் உன் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டது. அப்பா எங்கே என்று நீ கேட்டாய், குளிக்கிறார் என்று சொல்லச் சொல்லி அம்மாவுக்குக் கை காட்டினேன். அடுத்த இரண்டு தடவையும் குளித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதும், வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் கண்டுபிடித்தது சரிதானே என்று உள்ளே ஒரு மூலையில் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் கம்பெனி உறை பட்டன் கடைக்கு வந்தது. இந்தப் பெயரில் இங்கே எந்தப் பிள்ளையும் இல்லையே, ஆனால் அனுப்பிய இடத்தில் உங்கள் பொண்ணு வேலை பார்க்கிற கம்பெனி பெயர் இருக்கிறதே என்று கடைக்காரர் நேராக வீட்டுக்கு வந்து அம்மா கையில் கொடுத்துவிட்டார். நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் உறையை மேஜை நடுவில் வைத்து, எதிரே கை கட்டி உட்கார்ந்திருந்தாள். என்னையே பிரிக்கச் சொன்னாள். உள்ளே ஒரு தகர பேட்ஜ், முயற்சிக்குப் பரிசாம், நண்டு பூதக்கண்ணாடி பிடித்துக்கொண்டு நிற்கிறது. கூடவே ஒரு பக்கம் கையால் எழுதியது. புள்ளி வைக்கிற இடத்தில் எல்லாம் குட்டி வட்டம். உன் எழுத்து.

நீ எழுதியதை உனக்கே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ‘உங்கள் படம் ரொம்ப அழகு, ஒரு கோடுகூட ஆடவில்லை. ஆனால் ஆறாம் நம்பர் சாய்வு நாற்காலி இடவலம் மாறிப் புரண்டு விழுந்திருக்கிறது. துண்டைச் சுற்றலாம், புரட்டக் கூடாது. இனிமேல் வெட்டுவதற்கு முன்னால் எல்லாத் துண்டிலும் நல்ல பக்கத்தில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிடுங்கள், அப்புறம் தப்பே வராது. இது என் அப்பா சொன்னது, அவர் கட்டிங் மாஸ்டர். நான் செய்த புதிர்களை அவரிடம் மட்டும் முன்கூட்டிக் காட்டியதில்லை, ஏனென்றால் இடம் வீணாவதை அவர் பொறுக்கவே மாட்டார், அவர் தப்பு என்று சொல்லிவிட்டால் எனக்கு அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை.’

அட்டைக்கு இரண்டு பக்கமும் ஒரே பழுப்பு. எடுத்து வைத்ததில் எப்போது புரண்டதோ தெரியவில்லை. இடது கையைப் புரட்டிப் போட்டு வெட்டி ஒரே சட்டைக்கு இரண்டு வலது கை செய்துவிட்டு வந்து நிற்கிறவர்களை முப்பத்தெட்டு வருஷமாகத் திட்டியிருக்கிறேன், குறி போட்டியா, குறி போட்டியா என்று. நான் போடவில்லை. அம்மா படித்துவிட்டு, நான் படிவத்தில் எழுதியதை வரி விடாமல் சொல்ல வைத்து, கடிதத்தை என் பக்கம் நீட்டி, அவளுக்குத் தெரியாம இருக்கும்னு நினைக்கறீங்களா, எந்த ஏழு வயசுப் பிள்ளை ‘உடனடியாகத் தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’னு எழுதும் என்று கேட்டாள். உனக்குத் தெரிந்துதான் எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா என்று எனக்குச் சொல்லாதே. தெரியாமல் எழுதியிருந்தால் அது முழு உண்மை, அதை நான் அப்படியே வைத்துக்கொள்கிறேன். மறு அச்சு ஓடத் தொடங்கிவிட்டது, ஆறாம் புத்தகம் உனக்குத்தான் என்று நீ நேற்று அம்மாவிடம் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. உன்னைச் சாப்பிடவிடாமல் அடித்ததற்கு என்னை மன்னித்துவிடு, கண்ணு. பெரிய மேடத்திடம் சொல்ல வேண்டும் என்றால் சொல்லிவிடு, நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். சம்பந்தியிடம் மட்டும் சொல்லாதே. அவரிடம் அந்த பேட்ஜ் இருக்கிறதா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு வை, இல்லை என்றால் எனக்குத் தெரியப்படுத்து. ஆறாம் புத்தகப் புதிர்களை வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை அவரே போடட்டும், திங்கட்கிழமை எனக்கு அனுப்பு. நான் குறி போட்டுத்தான் வெட்டுவேன்.

ஆனால் ஒன்று சொல்லாமல் முடிக்க முடியவில்லை. நீ அங்கே போய் ஐந்து வருஷமாகிறது, எனக்கு உன் கையால் ஒரு வரி வந்ததில்லை, எல்லாம் போனில் குரல் மெசேஜ், அதிலும் பாதி நீ நடந்துகொண்டே பேசியது, ஒரே காற்றுச் சத்தம். முகம் தெரியாத அந்த ஏழு வயசுப் பிள்ளைக்கு மட்டும் உட்கார்ந்து ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறாய். அப்படி ஒரு பிள்ளையே கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும், இருந்தும் நாலு நாளாக அந்தப் பிள்ளை மேல் எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் மனசு ஒத்து, நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். வேலை இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு, ஒரே இடத்தில் குனிந்து உட்காராதே, கழுத்து போய்விடும். பதிலைக் கையால் எழுது. உறை மேல் பட்டன் கடை விலாசம் வேண்டாம், நம் வீட்டு விலாசமும் என் பெயரும் போடு.

இப்படிக்கு, வயதைக் குறைக்காமல்,
உன் அப்பா (57)